பெரியவர்களும் பேசட்டும்

தியானப் பகுதி: அப்போஸ்தலர் 18:24–28



வழக்கமாக இந்தப் பக்கத்தில் ஆறுதலின் வார்த்தைகளைத் தேடி வருகிறீர்கள். இந்த வாரம் ஆறுதலுக்குப் பதிலாக ஒரு வழக்கை உங்கள் முன் வைக்கிறேன். நம் திருச்சபைகளில் வளர்ந்த ஆண்களும் பெண்களும் திருமறையைத் திறந்து, வட்டமாக அமர்ந்து, ஒருவரையொருவர் கேள்வி கேட்டு, தங்கள் வாழ்க்கையோடு அதை ஒப்பிட்டுப் பேசுவதற்கு ஓர் இடம் வேண்டும் என்பதே அந்த வழக்கு. அப்படிப்பட்ட இடத்தைத் தர மறுக்கிற ஆயரும் செயற்குழுவும் விசுவாசத்தைக் காக்கவில்லை; தங்கள் நாற்காலியைக் காத்துக்கொள்கிறார்கள்.

தியானப் பகுதியைப் பாருங்கள். அலெக்சந்திரியாவில் பிறந்த அப்பொல்லோ சாதாரணமானவர் அல்லர். நாவன்மை உடையவர், வேதவாக்கியங்களில் தேர்ந்தவர், ஆவியில் அனல் கொண்டவர். எபேசுவின் ஜெப ஆலயத்தில் துணிவோடு பிரசங்கிக்கிறார். ஆனால் அவருடைய உபதேசத்தில் ஒரு குறை இருக்கிறது: யோவானின் ஞானஸ்நானத்தைத் தாண்டி அவர் எதையும் அறியவில்லை. அந்தக் குறையைக் கண்டுகொண்டவர்கள் யார்? கூடாரம் தைத்துப் பிழைத்த ஒரு கணவனும் மனைவியும். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவரைத் தங்களிடம் அழைத்துக்கொண்டு, தேவனுடைய மார்க்கத்தை இன்னும் நுட்பமாக விளக்குகிறார்கள். பழைமையான கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் இந்த இடத்தில் பிரிஸ்கில்லாளின் பெயரே முதலில் வருகிறது. அதாவது, ஒரு பெரிய பிரசங்கியாரின் இறையியலைத் திருத்தியவர்களில் முதலிடம் ஒரு தொழிலாளிப் பெண்ணுக்கு.

இப்போது ஒரு கேள்வி. இந்த நிகழ்ச்சி நம் சபையில் நடக்க முடியுமா? கைத்தொழில் செய்யும் ஒரு சகோதரி ஆயரை வீட்டுக்கு அழைத்து, "ஐயா, ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சொன்னதில் ஒன்று விட்டுப்போய்விட்டது" என்று சொல்ல முடியுமா? சொன்னால் அந்தச் சகோதரிக்கு என்ன பெயர் கிடைக்கும்? அடங்காதவள், ஆவிக்குரிய பெருமை பிடித்தவள், சபையைக் குழப்புகிறவள். அப்பொல்லோவோ அன்று கோபித்துக்கொள்ளவில்லை. கேட்டுக்கொண்டார், பின்பு அகாயாவுக்குப் போய் விசுவாசிகளுக்கு மிகுந்த உதவியாய் இருந்தார் என்று அதே பகுதி சாட்சி சொல்கிறது. திருத்தப்பட்டதனால் அவர் ஊழியம் சிறுத்துவிடவில்லை, வளர்ந்தது.

நம் சபைகளின் வார அட்டவணையை எடுத்துப் பாருங்கள். ஞாயிறு ஆராதனை, வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், வீட்டு ஜெபக்கூட்டம், பெண்கள் ஐக்கிய சங்கம், வாலிபர் கூட்டம், கோடையில் விடுமுறை வேதாகமப் பள்ளி, ஆண்டுக்கொரு முறை மூன்று நாள் கன்வென்ஷன். கூட்டங்களுக்குக் குறைவில்லை. ஆனால் எல்லாக் கூட்டங்களிலும் ஒருவர் பேசுகிறார், மற்றவர்கள் கேட்கிறார்கள். 'வேத ஆராய்ச்சி' என்று பெயரிட்ட கூட்டத்திலும் ஆராய்ச்சி நடப்பதில்லை. அது நாற்காலியில் அமர்ந்து செய்யும் இரண்டாவது பிரசங்கம். முடிவில், "யாருக்காவது கேள்வி உண்டா?" என்று கேட்கப்படும்போது மணி ஒன்பதாகியிருக்கும், பாதிப்பேர் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள். கேள்வி இல்லை என்று ஜெபித்து முடிப்பார்கள். கேள்வி இல்லாமல் இல்லை. கேட்க இடம் இல்லை.

சிறுபிள்ளைக்குக்கூட ஞாயிறு பள்ளியில் கை தூக்கிக் கேட்க உரிமை உண்டு. அதே பிள்ளை வளர்ந்து, மணமாகி, பிள்ளை பெற்று, கடன்பட்டு, பெற்றோரை அடக்கம் செய்து, வாழ்க்கையின் உண்மையான கேள்விகளோடு ஆலயத்துக்கு வரும்போது, வாய் திறக்கும் உரிமையை இழந்துவிடுகிறான். கேள்வி முளைக்காத வயதில் கேட்கச் சொல்கிறோம். கேள்வி கனத்துப்போன வயதில் அடக்குகிறோம்.

இது அப்போஸ்தலருடைய வழக்கம் அன்று. பவுல் ஜெப ஆலயங்களிலும் சந்தைவெளியிலும் செய்ததைக் குறிக்க லூக்கா அடிக்கடி ஆள்கிற கிரேக்க வினை, இருதரப்பும் பேசி ஆராய்வதைக் குறிப்பது. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதைச் 'சம்பாஷித்தல்' என்று அழகாகச் சொல்கிறது. எபேசுவில் திறன்னு என்பவனுடைய வித்தியாசாலையில் இரண்டு ஆண்டுகள் பவுல் நாள்தோறும் செய்தது இதுவே (அப்போஸ்தலர் 19:9–10). பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே வேதத்தோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள். அதற்காக அவர்கள் நற்குணசாலிகள் என்று பெயர் பெற்றார்கள் (17:11). கொரிந்து சபைக்கு எழுதும்போது, தீர்க்கதரிசனம் சொல்கிறவர்கள் இரண்டு மூன்று பேராக இருக்கட்டும், மற்றவர்கள் அதை நிதானிக்கட்டும் என்று பவுல் ஒழுங்கு செய்கிறார் (1 கொரிந்தியர் 14:29). பேசுவது எவ்வளவு ஊழியமோ, நிதானிப்பதும் அவ்வளவு ஊழியம். நம் ஆண்டவரே பன்னிரண்டு வயதில் தேவாலயத்தில் போதகர் நடுவே அமர்ந்து, கேட்கவும் வினாவவும் செய்தார். உயிர்த்தெழுந்த நாளில் எம்மாவுக்குப் போகும் வழியில் அவர் முதலில் செய்தது பிரசங்கமன்று. நடந்துகொண்டே எதைப்பற்றிப் பேசுகிறீர்கள் என்று அந்த இருவரையும் கேட்டார். அவர்கள் தங்கள் ஏமாற்றத்தையெல்லாம் கொட்டித் தீர்க்கும்வரை காத்திருந்தார். அதன்பின்பே வேதத்தை விளக்கினார்.

இனி, இந்த மலைக்கு வருவோம். ஜமுனாமரத்தூர் தொடங்கிப் புதூர்நாடு, பீஞ்சமந்தை என மூன்று மாவட்டங்களில் விரிந்துகிடக்கும் ஜவ்வாது மலையில் பெரியவர்களின் கலந்துரையாடல் என்பது படித்தவர்களின் பொழுதுபோக்கு அன்று. அது உயிரும் மரணமும் சம்பந்தப்பட்ட காரியம். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரக் கடத்தல் தடுப்புப் படையினர் சுட்டதில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்களுள் பலர் இந்த மலையின் பிள்ளைகள். தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது காவல்துறை. பிடித்துவைத்துக் கொன்றார்கள் என்றார்கள் மனித உரிமை அமைப்பினர். தேசிய மனித உரிமை ஆணையம் விசாரித்தது. செய்தித்தாள்கள் சில வாரங்கள் எழுதின. பிறகு மலை மௌனமாயிற்று.

இந்தக் காரியத்தைப் பற்றிப் பிரசங்க பீடம் என்ன சொல்ல முடியும்? களவு செய்யலாகாது என்ற கட்டளையைச் சொல்லலாம். அது தேவனுடைய கட்டளை, அதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் கட்டளையை மட்டும் சொல்லிவிட்டு இறங்குகிற பிரசங்கியார், முன்பணத்தோடு வரும் தரகரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சாமை விளையாத ஆண்டில் வட்டி கட்டுவது எப்படி என்று சொல்லவில்லை. வெட்டுகிறவன் கூலிக்காரன், விற்கிறவன் வேறொருவன், கடல் கடந்து வாங்குகிறவன் இன்னொருவன் என்றால் திருடன் யார் என்று சொல்லவில்லை. இரவில் லாரி ஏறிப்போன கணவன் எங்கே போனான் என்று தெரிந்தும் தெரியாததுபோல் ஆலயத்துக்கு வந்து அமர்ந்திருக்கிற மனைவிக்கு ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல முடியாது, ஏனென்றால் அவருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் கீழே பாயில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் பேசுவதற்கோ இடம் இல்லை.

திருமறை இந்த விஷயத்தில் நம்மைவிட நேர்மையானது. நீதிமொழிகள் 30ஆம் அதிகாரத்தில் ஆகூர் செய்கிற ஜெபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தனக்கு மிகுந்த செல்வமும் வேண்டாம், கொடிய வறுமையும் வேண்டாம் என்கிறான். செல்வம் வந்தால் தேவனை மறுதலிப்பேன்; வறுமை வந்தால் திருடி உம் நாமத்தை வீணாக்குவேன் என்று அஞ்சுகிறான். வறுமைக்கும் களவுக்கும் உள்ள உறவை மறைக்காமல் ஜெபத்திலேயே சொல்லிவிட்ட மனிதன் அவன். இந்த இரண்டு வசனங்களை எங்கள் மலைச்சபையின் மாலைக் கூடுகையில் ஒருமுறை வாசித்தோம். நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு வயதான ஒரு தாய், "இவனும் முன்பணம் வாங்கினவன்தான் போல" என்றார். அதற்குப் பின் ஒன்றரை மணி நேரம் பேச்சு ஓயவில்லை. யாரிடம் எவ்வளவு கடன், எந்தத் தரகர் எந்த வழியாக வருகிறார், போகாமல் இருக்க என்ன வேண்டும் என்றெல்லாம் பேசப்பட்டது. பெண்கள் தங்கள் குழுச்சேமிப்பிலிருந்து அவசரக் கடனுக்கென ஒரு பகுதியை ஒதுக்கத் தீர்மானித்தது அங்கேதான். இருபது பிரசங்கங்கள் செய்யாததை அந்த ஒரு வாக்கியம் செய்தது.

இந்தக் கூடுகைகளை எதிர்ப்பவர்கள் சொல்லும் காரணங்களை நான் அறிவேன். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

'கேள்விகளை அனுமதித்தால் விசுவாசிகள் குழம்பிப்போவார்கள்' என்பது முதலாவது. ஐயன்மீர், அவர்கள் இப்போது தெளிவாக இருக்கிறார்கள் என்றா நினைக்கிறீர்கள்? மலையின் கடைசிக் குடியிருப்பிலும் கைப்பேசி இருக்கிறது. காணிக்கை அனுப்பினால் கடன் தீரும் என்கிற யூடியூப் ஊழியக்காரரும், மாத்திரையை நிறுத்தினால்தான் விசுவாசம் என்கிற வாட்ஸ்அப் செய்தியும், உலகம் அடுத்த ஆண்டு முடியும் என்கிற காணொலியும் அவர்கள் கையில் இருக்கின்றன. அவற்றையெல்லாம் அவர்கள் தனியாகக் கேட்கிறார்கள், தனியாக நம்புகிறார்கள், தனியாக ஏமாறுகிறார்கள். நாலுபேர் கூடிப் பேசுகிற இடத்தில்தான் கள்ள உபதேசம் வெளிச்சத்துக்கு வரும். குழப்பம் கேள்வியினால் பிறப்பதில்லை. கேட்கப்படாத கேள்வி உள்ளே அழுகுவதனால் பிறக்கிறது.

நம் மலையிலேயே காவலூரில் வைணு பாப்பு வானாய்வு நிலையம் இருக்கிறது. 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி 1986 முதல் அங்கே வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அங்கே சென்று வந்த ஒரு மாணவன் வீட்டில் தகப்பனைக் கேட்கிறான்: நட்சத்திரத்தின் வெளிச்சம் இத்தனை ஆண்டுகள் பயணம் செய்து வருகிறதென்றால் ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தை எப்படி வாசிப்பது? தகப்பனுக்குப் பதில் தெரியாது. ஆயரிடம் கேட்க அச்சம். "அதெல்லாம் கேட்கக் கூடாது" என்று பிள்ளையை அடக்குகிறார். பத்தாண்டுகள் கழித்து அந்தப் பிள்ளை ஆலயத்துக்கு வருவதில்லை. விஞ்ஞானம் அவனைக் கெடுத்துவிட்டது என்று நாம் புலம்புகிறோம். விஞ்ஞானம் அவனைக் கெடுக்கவில்லை. தகப்பனுக்குப் பேச ஓர் இடம் இருந்திருந்தால், அந்த அதிகாரம் வானவியல் பாடநூல் அன்று, படைத்தவரைத் துதிக்கும் பாமாலை என்று பிள்ளைக்குச் சொல்லியிருப்பார். பெரியவர்களின் வாயை அடைக்கும்போது அடுத்த தலைமுறையின் விசுவாசத்தையும் சேர்த்து அடைக்கிறோம்.

'எழுத்தறியாதவர்கள் எதை ஆராய்வார்கள்?' என்பது இரண்டாவது காரணம். இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் வேதாகமக் கல்லூரியில் பட்டம் பெற்றவர்கள். நானும் பட்டம் பெற்றவன்தான். கிரேக்கமும் எபிரேயமும் படித்தவன்தான். அந்தப் படிப்பைக் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் விதைக்கிறவனின் உவமையை விளக்க எனக்கு நூல்கள் இருக்கின்றன. மலைச்சரிவில் சாமை விதைக்கிறவருக்கு நிலம் இருக்கிறது. எங்கள் கூடுகையில் ஒரு சகோதரர் சொன்னதை எந்த விரிவுரை நூலிலும் நான் வாசித்ததில்லை. "வேண்டுமென்று யாரும் வழியில் விதைப்பதில்லை, ஐயா. நிலமில்லாதவன் நடந்து நடந்து நம் நிலத்துக்குள் வழி உண்டாகிவிடுகிறது" என்றார் அவர். வழியருகே விழுந்த விதையைப் பற்றி நான் அதுவரை யோசித்தது முழுவதும் இருதயத்தின் கடினத்தைப் பற்றியே. வழி ஏன் உண்டாயிற்று என்று கேட்பதற்கு மண்ணில் நின்ற கால்கள் தேவைப்பட்டன. வேதத்தை வாசிப்பதற்கு எழுத்து வேண்டும். அதை ஆராய்வதற்கு வாழ்க்கை போதும். ஒருவர் உரக்க வாசித்தால் பத்துப்பேர் ஆராயலாம்.

நாட்டின் சட்டம் இவர்களை நம்புகிறது என்பதையும் கவனியுங்கள். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்படி, எந்த நிலத்தில் யாருக்கு உரிமை என்ற விசாரணையைத் தொடங்கும் அதிகாரம் கிராமசபைக்கு உரியது. 2012இல் திருத்தப்பட்ட விதிகளின்படி அந்தச் சபையின் உறுப்பினரில் பாதிப்பேராவது கூட வேண்டும். வந்தவர்களில் மூன்றிலொரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும். நடைமுறையில் எத்தனையோ குறைகள் இருக்கலாம், கொள்கையைப் பாருங்கள். காட்டைப் பற்றிப் பேசித் தீர்மானிக்கத் தகுதியுள்ளவர்கள் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்ட அதே ஆண்களையும் பெண்களையும், ஒரு வசனத்தைப் பற்றிப் பேசத் தகுதியற்றவர்கள் என்று திருச்சபை ஒதுக்கிவைக்கலாமா? அரசின் சட்டம் காட்டும் மரியாதையைக் கிறிஸ்துவின் சரீரம் காட்டாவிட்டால் நாம் வெட்கப்பட வேண்டும்.

'பேசவிட்டால் சபை பிளவுபடும்' என்பது மூன்றாவது காரணம். வரலாறு வேறு கதை சொல்கிறது. திருநெல்வேலிச் சீமையில் சட்டாம்பிள்ளை என்று அழைக்கப்பட்ட அருமைநாயகம் 1857இல் மிஷனரிகளின் சபையை விட்டுப் பிரிந்து, சுதேசிகளே நடத்தும் இந்து கிறிஸ்தவ சபையை ஏற்படுத்தினார். அவருடைய எல்லா முடிவுகளையும் நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அந்தப் பிரிவின் வேரில் மிஷனரிகளின் மேலாதிக்கமும், 1849இல் கால்டுவெல் ஐயர் ஒரு சமூகத்தைப் பற்றி வெளியிட்ட நூல் ஏற்படுத்திய காயமும் இருந்தன. தன்னைப் பற்றி எழுதுகிறவர்களோடு சரிக்குச் சரியாக உட்கார்ந்து மறுத்துப் பேச இடமில்லாதவன் வேறு கூரையைத் தேடிப்போகிறான். பேசுவதற்கு இடம் கொடுத்ததால் பிளந்த சபைகளைவிட, இடம் கொடுக்காததால் பிளந்த சபைகளே அதிகம் என்பேன். இன்று நம் ஊர்களில் ஒரே தெருவில் மூன்று ஜெபவீடுகள் முளைத்திருப்பதைப் பார்க்கிறீர்களே, அவற்றில் எத்தனை உபதேச வேற்றுமையால் வந்தவை? எத்தனை, கேட்கப்படாத மனத்தாங்கலால் வந்தவை?

'இது மேல்நாட்டு முற்போக்குச் சபைகளின் பழக்கம். நமக்கு அந்நியம்' என்பது நான்காவது. இதைக் கேட்கும்போது நான் வியப்படைகிறேன். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை 1715இல் அச்சிட்டு முடித்தார் என்பது நமக்குப் பெருமை. ஆனால் அதற்கு முன்பே அவர் தமிழரோடு உட்கார்ந்து வாதாடினார் என்பதையும், 1712 முதல் 1714 வரை தமிழ் அறிஞர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பி அவர்களுடைய பதில் கடிதங்களை ஜெர்மன் மொழியில் ஆக்கி அனுப்பினார் என்பதையும் மறந்துவிட்டோம். தமிழ்ச் சீர்திருத்தத் திருச்சபை பிறந்ததே சம்பாஷணையில்.

இந்த மலையின் அடிவாரத்துக்கு இறங்கிப் பாருங்கள். திருப்பத்தூரில் 1921இல் மருத்துவர் சவரிராயன் இயேசுதாசனும் ஸ்காட்லாந்து தேசத்தவரான மருத்துவர் ஏர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டனும் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். அக்காலத்தில் வெள்ளைக்கார மிஷனரி உயரத்திலும் இந்திய ஊழியர் தாழ்விலும் இருப்பதே வழக்கம். அங்கேயோ இயேசுதாசன் 'பெரியண்ணன்' என்றும் பேட்டன் 'சின்னண்ணன்' என்றும் அழைக்கப்பட்டார்கள். ஆளும் இனத்தில் பிறந்தவர் இளையவராக அமர்ந்தார். அண்ணன் தம்பியாக அமர்ந்த பிறகே உண்மையான உரையாடல் சாத்தியமாகும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எதற்கு?

சென்னையில் சக்கரையும் செஞ்சையாவும் அவர்கள் நண்பர்களும் கூடிப் பேசி எழுதியவற்றின் விளைவாக, 'இந்தியாவில் கிறிஸ்தவத்தை மறுசிந்தனை செய்தல்' என்ற பொருளுடைய ஆங்கில நூல் 1938இல், தாம்பரத்தில் உலக மிஷனரி மாநாடு கூடிய அதே ஆண்டில் வெளிவந்தது. சக்கரை வழக்கறிஞர், தொழிற்சங்கத் தலைவர், சென்னை மேயராகவும் இருந்தவர். செஞ்சையா நீதிபதி. இருவரும் குருப்பட்டம் பெற்றவர்கள் அல்லர். மாநாட்டுக்கு வந்த உலக அறிஞர்கள் பதில் சொல்லவேண்டிய கேள்விகளைச் சபையின் சாதாரண உறுப்பினர்கள் எழுப்பினார்கள். மதுரை அரசரடியில் 1969இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் 'பரட்டை' என்ற பெயரால் அறியப்பட்ட தியோபிலஸ் அப்பாவு ஐயர், நாட்டுப்புற இசையையும் ஏழைகளின் பொதுச் சமையலையும் இறையியலாக்கினார். ஒரே உலையில் சமைத்து ஒன்றாக உண்கிறவர்கள் ஒன்றாகவே சிந்திக்கவும் முடியும் என்று காட்டினார். இவர்களையெல்லாம் அந்நியர் என்று சொல்ல எவருக்குத் துணிவு உண்டு?

எதிர்ப்பவர்களுக்கு இவ்வளவு சொன்னேன். இனி, ஆதரிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. முற்போக்கு என்று தங்களை அழைத்துக்கொள்ளும் சில நகரச் சபைகளில் கலந்துரையாடல் குழுக்கள் உண்டு. தேநீரும் பிஸ்கட்டும் உண்டு. பருவநிலை மாற்றம், பாலஸ்தீனம், செயற்கை நுண்ணறிவு என எல்லாம் பேசப்படும். ஆனால் அதே சபையின் கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்த மூலை என்று பேசப்படுவதில்லை. திருமண அறிவிப்பு வாசிக்கப்படும்போது சாதி எப்படிக் காப்பாற்றப்படுகிறது என்று பேசப்படுவதில்லை. ஆலயத்தைக் கூட்டிப் பெருக்குகிறவர் அந்த வட்டத்தில் அமர்வதில்லை. அமர்ந்தாலும் பாதிப் பேச்சு ஆங்கிலத்தில் நடக்கிறது. தூரத்து அநீதியைப் பற்றிப் பேசிச் சமீபத்து அநீதியை மறைப்பது கலந்துரையாடல் அன்று. அது வசதியானவர்களின் பாவநிவாரணம். எந்தக் கேள்வி நம் வீட்டு வாசலைத் தட்டுகிறதோ அந்தக் கேள்வியிலிருந்து தொடங்காத குழு, எத்தனை முற்போக்கான சொற்களைப் பேசினாலும் பிற்போக்கானதே.

அப்படியானால் எப்படிக் கூடுவது? அனுபவத்தில் கண்ட சில ஒழுங்குகளைச் சொல்கிறேன். பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். எல்லாரும் ஒரே உயரத்தில், வட்டமாக, பாயில் அமரட்டும். ஆயருக்கும் நாற்காலி வேண்டாம். நேரத்தைப் பெண்கள் குறிக்கட்டும். தண்ணீரும் அடுப்பும் யார் பொறுப்போ அவர்களுக்கே எப்போது ஓய்வு என்று தெரியும். பகுதியை இருமுறை மெதுவாக உரக்க வாசியுங்கள். பேச விரும்புகிற எல்லாரும் ஒருமுறை பேசி முடிக்கும்வரை ஒருவரும் இரண்டாம் முறை பேசலாகாது. ஆயர் கடைசியில் பேசட்டும்; சுருக்கமாகப் பேசட்டும். இது பட்டிமன்றம் அன்று. நடுவரும் இல்லை, தீர்ப்பும் இல்லை. அங்கே சொல்லப்பட்டது பிரசங்கத்தின் உதாரணமாகவோ செயற்குழுவின் குற்றச்சாட்டாகவோ மாறலாகாது. கடைசியாக, இந்த வாரம் நாம் என்ன செய்யப்போகிறோம் என்று ஒரு காரியத்தையாவது தீர்மானித்து ஜெபித்து முடியுங்கள். செயலில் முடியாத பேச்சு அரட்டை. பேச்சில் பிறக்காத செயல் கட்டளைக்குக் கீழ்ப்படிதல் மட்டுமே.

பிரசங்கம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிரசங்கம் என் ஊழியம். அதைச் சாகும்வரை செய்வேன். நெகேமியா 8ஆம் அதிகாரத்தில் எஸ்றா உயரமான பீடத்தின்மேல் நின்றே நியாயப்பிரமாணத்தை வாசித்தான். ஆனால் ஜனங்கள் நடுவே நின்று, வாசித்ததை விளங்கப்பண்ண லேவியரும் இருந்தார்கள். மறுநாளில் குடும்பத் தலைவர்கள் எஸ்றாவிடம் கூடிவந்து ஆராய்ந்தபோதே, கூடாரப் பண்டிகையைப் பற்றிய மறக்கப்பட்ட கட்டளையைக் கண்டுபிடித்தார்கள். பீடம் வார்த்தையை அறிவித்தது. கூடி ஆராய்ந்தவர்களோ மறந்ததை மீட்டெடுத்தார்கள். இரண்டும் இருந்த சபையில் பெரிய சந்தோஷம் உண்டாயிற்று.

யோபுவின் முடிவையும் மறவாதிருங்கள். தேவனுக்காக வக்காலத்து வாங்கி, சரியான உபதேசத்தையே பேசிக்கொண்டிருந்த நண்பர்கள்மேல் தேவன் கோபங்கொண்டார். கேள்வி கேட்டு, வாதாடி, அழுது, முறையிட்ட யோபுவே தம்மைக் குறித்து நிதானமாய்ப் பேசினான் என்று சொன்னார் (யோபு 42:7). கேள்விக்கு அஞ்சுகிற தேவனைத் திருமறையில் நான் காணவில்லை. கேள்விக்கு அஞ்சுகிற ஊழியக்காரரை மட்டுமே காண்கிறேன்.

ஆகவே, செயற்குழு உறுப்பினர்களே, அடுத்த கூட்டத்தில் ஒலிபெருக்கிக்கும் மேடை அலங்காரத்துக்கும் பணம் ஒதுக்குவதற்கு முன் இரண்டு பாய்களுக்கு ஒதுக்குங்கள். உடன் ஊழியரே, வாரத்தில் ஒரு மாலை நீங்கள் பேசாமல் இருங்கள். சபையாரே, உங்கள் ஆயர் இடம் தராவிட்டால் பிரிஸ்கில்லாளைப்போல் உங்கள் வீட்டைத் திறவுங்கள். ஆயரையும் அன்போடு அழையுங்கள். மலைமேலுள்ள பட்டணம் மறைந்திராது என்று ஆண்டவர் சொன்னார். மலைமேலுள்ள சபை ஊமையாயிராது என்று நாம் காட்டுவோம்.

ஜெபம்: எம்மாவு வழியில் எங்களோடு நடந்து, நாங்கள் பேசுவதைக் கேட்கிற ஆண்டவரே, எங்கள் சபைகளில் அடைபட்ட வாய்களைத் திறந்தருளும். பேசிப் பழகின எங்களுக்குக் கேட்கிற செவியையும், கேட்டே பழகினவர்களுக்குப் பேசுகிற துணிவையும் தாரும். காட்டு வழியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த எங்கள் மலையின் வீடுகளை நினைத்தருளும். உமது வார்த்தையை நாங்கள் கூடி ஆராயும்போது எங்கள் நடுவே நீர் வந்து அமரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.